குடைக்குள் ஓடிய குட்டிகள்

காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டி ஒரு நெற்களம் இருக்கிறது. சிமென்ட் பூசிய அகலமான களம். அறுப்பு இல்லாத நாட்களில் சும்மா கிடக்கும். அன்றைக்குக் காலை எட்டு மணி சுமாருக்கு, அதன் நடுவில் திராட்சை அடுக்கும் பிளாஸ்டிக் டிரே ஒன்றை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். டிரேக்குள் ஏழு வாரத்து நாய்க்குட்டிகள் ஆறு.

ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் விட்டு, பார்த்துவிட்டுத் திரும்ப டிரேயில் வைத்தேன். விட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டன. வயிற்றைச் சிமென்டில் அழுத்தி, காதை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு அசையாமல் கிடந்தன.

பத்தடி தள்ளி என் வீட்டுக்காரர் குத்தவைத்து உட்கார்ந்து, கையைத் தட்டி, நாக்கைச் சொடுக்கி, தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறி இறங்கியவர். ஒரு குட்டிகூட அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

“ஏம்மா ஸ்டெல்லா, இதுகளுக்கு உசுரு இருக்கா, இல்ல பேட்டரி போடணுமா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆறில் ஒன்றையாவது நூர்ஜகான் வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று வந்திருந்தேன். அவளுக்கு ஒரு பொருத்தமான நாய் அமையாவிட்டால், தன் கையால் வளர்த்த திராட்சைத் தோட்டத்தை விட்டுவிட்டு அவள் உத்தமபாளையத்துக்குக் குடிபோக வேண்டும். அவள் புருஷன் கெடு வைத்துவிட்டார்.

நோட்டை எடுத்தேன். ஆறு குட்டிகளுக்கும் நேராக ஒரே சொல்லை எழுதினேன். பயம்.

நான் எழுதிய தப்புகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கச் சொன்னால், அதைத்தான் முதலில் வைப்பேன்.

நான் டாக்டர் இல்லை

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர், “டாக்டரம்மா, மாட்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, நாய்க்கு எப்போது வருவீர்கள்?” என்று கடிதம் போட்டிருந்தார். இதோ வந்துவிட்டேன். ஆனால் ஐயா, நான் டாக்டர் இல்லை. அதை இந்தப் பள்ளத்தாக்கில் யாரிடம் சொல்லியும் எடுபடவில்லை.

கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்தேன். சினை ஊசி போட்டேன். கோழிக்குக் கழிச்சல் மருந்து கொடுத்தேன். கோமாரி ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஊர் ஊராக இறங்கினேன். தோளில் பை மாட்டியவள் எல்லாம் இங்கே டாக்டரம்மாதான்.

ஓய்வு பெற்றுப் பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டி உட்கார்ந்தோம். உட்கார விட்டார்களா? “எங்க நாயி ஏழு போட்டிருக்கு, யாருக்காச்சும் வேணுமான்னு பாருங்க” என்று ஒரு போன் வரும். “கடைக்கு ஒரு காவல் நாயி வேணும்” என்று இன்னொரு போன் வரும். இரண்டையும் சேர்த்து வைக்கிற தரகு வேலை என் தலையில் விழுந்தது. கல்யாணத் தரகருக்காவது இலை போட்டுச் சாப்பாடு வைப்பார்கள். எனக்குப் புடவையில் குட்டிகள் பெய்த மூத்திரம்தான் கண்ட பலன்.

நகம் எண்ணுகிறவர்கள்

குட்டி எடுக்க வருகிறவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். முதல் வேலையாகக் காலைப் பிடித்து நகத்தை எண்ணுவார்கள். பதினெட்டா, இருபதா, இருபத்தொன்றா? கூட இருந்தால் அது சூரன். அப்புறம் பிடரியைப் பிடித்து அந்தரத்தில் தூக்குவார்கள். கத்தினால் கோழை, கத்தாவிட்டால் வீரன். பிறகு கடுவனா பொட்டையா என்று ஒரு பார்வை. கடைசியில் நிறம்.

அந்த நாய் யாரோடு, எப்பேர்ப்பட்ட வீட்டில், பத்துப் பன்னிரண்டு வருஷம் காலம் தள்ளப் போகிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

யோக்கியமாகச் சொன்னால், நானும் கேட்டதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் சிக்கந்தர் என்னிடம் ஒரு குட்டி கேட்டு வந்தபோது, நானே நகத்தை எண்ணி இருபத்தொன்று என்று சொன்னேன். நானே பிடரியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். அது கத்தவில்லை. “சிங்கம்” என்று வேறு அடித்துவிட்டேன்.

சிக்கந்தர் காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளா போகிற பிக்கப் வண்டிக்காரர். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். மகன் திருச்சியில் தங்கிப் படிக்கிறான். அந்த நாட்களில் தோட்டத்து வீட்டில் அவர் மனைவி நூர்ஜகான் மட்டும்தான். தோட்டம் அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அவளுக்கென்று கொடுத்தது. வெறும் சோளக்காடாக இருந்த இடத்தில் கல் தூண் ஊன்றி, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சைக் கொடியை ஏற்றியவள் அவள்தான். எந்தக் கொடி எந்த வருஷம் நோய் கண்டு பிழைத்தது என்பது வரைக்கும் சொல்லுவாள்.

அந்தச் ‘சிங்கம்’ ராஜா என்ற பெயரோடு அங்கே வளர்ந்தது. ஆளைக் கண்டால் நெஞ்சுவரைக்கும் பாயும். முகத்தை நக்கும். துணியைக் கவ்வி இழுக்கும். அன்பு கூடிப் போன நாய். நூர்ஜகானோ ஐந்து வேளையும் தொழுகிறவள். நாயின் எச்சில் பட்ட துணியை அலசாமல் தொழுகைக்கு நிற்கமாட்டாள். காவலுக்கு நாய் வைத்துக்கொள்வதில் அவளுக்கு மறுப்பில்லை, அது வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும், மேலே விழக்கூடாது, அவ்வளவுதான். ராஜாவால் ஒரு நாளைக்கு மூன்று தடவை உடுப்பு மாற்றினாள்.

தள்ளிவிட்டாள். தள்ளினால் விளையாட்டு என்று நினைத்து இன்னும் பாய்ந்தான். குச்சி எடுத்தாள். குச்சியைப் பார்த்து உறும ஆரம்பித்தான். ஒருநாள் சோற்றுச் சட்டியை நகர்த்தப் போனவளின் மணிக்கட்டைக் கவ்விவிட்டான். ஆறு தையல்.

நாய் மேல் தப்பில்லை. அவனைக் குமுளி ரோட்டில் ஒரு லாரி ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே டிரைவர்கள் அவனோடு மல்லுக்கட்டி உருளுகிறார்கள், நன்றாக இருக்கிறான். நூர்ஜகான் மேலும் தப்பில்லை. தப்பெல்லாம் நகம் எண்ணியவள் மேல்தான். அதற்கப்புறம் அந்தத் தோட்டத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். போகிற வழியாக இருந்தாலும் சுற்றிப் போனேன்.

பாட்டுக்கு ஒரு பிள்ளை

நான் சின்ன வயதில் கன்னியர் நடத்திய ஒரு போர்டிங்கில் படித்தேன். சேர்ந்த அன்றைக்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். எங்கள் அப்பா எங்கள் ஊர் மாதா கோயிலில் ஜெபமும் பாட்டும் நடத்துகிற உபதேசியார். உபதேசியார் மகளுக்குப் பாட்டு வராமலா போகும் என்று என்னைக் கோயில் பாடற் குழுவில் போட்டுவிட்டார்கள்.

என் குரலைக் கேட்டவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. ஒரு வருஷம் வாயை மட்டும் அசைத்தேன். அடுத்த வருஷம், கன்று ஈன்ற மாட்டுக்குப் பக்கத்தில் நான் விடியக்காலையிலேயே போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஒரு சிஸ்டர் என்னை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினார். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். என் அப்பா யார் என்று பார்க்காமல், நான் எங்கே போய் நிற்கிறேன் என்று அவர் பார்த்தார்.

நாய்க்குட்டிக்கும் அதைத்தான் செய்ய வேண்டும் என்பது புரிய எனக்கு ஆறு தையல் தேவைப்பட்டது. அதுவும் என் கையில் இல்லை.

தட்டு, துண்டு, குடை

கோயம்புத்தூரில் என் மகளுக்குத் தெரிந்த ஒரு பெண், நாய்களுக்கான மருத்துவர். நிஜ டாக்டர். அவள்தான் போனிலேயே எனக்கு இந்தச் சோதனையைக் கற்றுக் கொடுத்தாள். குட்டிக்கு ஏழு வாரம் ஆனதும் செய்ய வேண்டும். அது இதற்குமுன் பார்க்காத இடமாக இருக்க வேண்டும். சோதிக்கிற ஆளும் அதற்குப் புதுசாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கூப்பிட்டால் வருகிறதா? நடந்து போனால் பின்னால் வருகிறதா? மெதுவாக மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சில் கை வைத்தால் திமிறுகிறதா, அடங்குகிறதா, கடிக்கிறதா? கசக்கிய பேப்பரை உருட்டினால் எடுத்து வருகிறதா? எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டால் என்ன செய்கிறது? துண்டைத் தரையில் இழுத்தால்? குடையைப் படக்கென்று விரித்தால்?

இதில் பாஸ் பெயில் கிடையாது. எது எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. ஓடிவந்து கையை நக்குகிற குட்டியைத்தான் எல்லாரும் தேடுவார்கள். நூர்ஜகானுக்கு அது ஆகாது. ஆளைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும், எட்டியும் இருக்க வேண்டும், சத்தத்துக்கு அசையக்கூடாது, வேற்றாளைக் கண்டால் குரல் கொடுக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைப்பது லேசில்லை.

இந்த வருஷம் அவளே எனக்குப் போன் செய்தாள். மூன்று வருஷத்துக்கப்புறம். கிணற்று மோட்டார் வயரைச் செம்புக்காக இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். இரண்டு தடவையும் சிக்கந்தர் கேரளாவில் இருந்திருக்கிறார்.

“அவுக முடிவாச் சொல்லிட்டாக அக்கா. பெருநாள் கழிஞ்சதும் தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு உத்தமபாளையத்துல மாமி வீட்டுக்குப் போயிரணுமாம். நல்ல நாயி ஒண்ணு இருந்தா மட்டும் இங்கன இருக்கலாமாம். எனக்கு நாயப் பாத்தாலே கை நடுங்குது. ஆனா கொடிய விட்டுட்டு நான் எங்கிட்டுப் போவேன்? ஒண்ணு பாத்துக் குடுங்க. இந்தத் தடவ சரியாப் பாருங்க.”

அன்றைக்கே தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, எங்கே குட்டி இருக்கிறது என்று விசாரித்தேன். 

அந்தச் சமயத்தில்தான் காமயகவுண்டன்பட்டி முருகேசன் தோட்டத்தில் நாய் ஆறு குட்டி போட்டு ஏழு வாரமாகியிருந்தது. முருகேசனும் திராட்சைக்காரர்தான். தாய் நாய் தங்கமானது. அந்தக் குட்டிகளைத்தான் டிரேயில் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனோம்.

நடந்ததைச் சொன்னேன். கூப்பிட்டால் வரவில்லை. நடந்தால் பின்னால் வரவில்லை. தட்டைப் போட்டேன், அதற்கும் ஒன்றுகூடத் திடுக்கிடவில்லை, காதைக்கூட ஆட்டவில்லை. செவிடா என்று ஒரு சந்தேகம் வந்தது. கடைசியில் குடையை விரித்ததுதான் கூத்து. குடையைக் கண்டால் குட்டி மிரண்டு ஓடும், இல்லை வந்து முகர்ந்து பார்க்கும். இதுகளோ, என் வீட்டுக்காரர் விரித்த குடைக்கடியில் ஒவ்வொன்றாக ஓடிவந்து புகுந்துகொண்டன. எடுத்து வெளியே விட்டால் திரும்பவும் உள்ளே. டிரேயில் காத்திருந்ததுகளும் தாவிக் குதித்து வந்துவிட்டன. ஆறும் அவர் காலுக்கடியில்.

“நம்ம கல்யாணத்துல கூட இத்தனை பேரு எங்கூட நிக்கல” என்றார்.

வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. எனக்குத் தலையை வலித்தது. கோமாளிக் குட்டிகள் என்று நினைத்துக்கொண்டு நோட்டை மூடினேன்.

மூக்கு உடைந்த மத்தியானம்

நூர்ஜகானிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது. மூன்று வருஷம் சுற்றிப் போன பாதையில் அன்றைக்கு நேராகப் போனேன்.

நூர்ஜகான் பந்தலுக்குள் நின்று காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பந்தலுக்கு வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. உள்ளே பச்சை வெளிச்சம், ஈரமண் வாசனை. தலைக்கு மேலே காய் பிடித்த குலைகள். என்னைப் பார்த்ததும் முந்தானையைத் தலையில் சரி செய்துகொண்டு சிரித்தாள். சிரித்தது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஆறும் சரிப்படாது, வேறு ஈத்துக் குட்டிகள் வரும்வரை பார்க்கலாம் என்றேன். வேறு ஈத்து வருவதற்குள் பெருநாள் வந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. என்னென்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்றாள். களத்தில் என்றேன். தட்டுச் சத்தம் என்றாள். அசையவில்லை என்றேன். குடைக்கு வந்தபோது வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னேன், ஆறும் அவர் குடைக்கடியில் புகுந்துகொண்டன என்று.

நூர்ஜகான் இலை கிள்ளுவதை நிறுத்தினாள். அண்ணாந்து பந்தலைப் பார்த்தாள்.

“முருகேசண்ணன் தோட்டத்துல குட்டி எங்கன போட்டுச்சு?”

பந்தலுக்குள், மருந்து வைக்கிற கொட்டாய்க்குப் பக்கத்தில் என்றேன்.

“அப்ப அதுக ஆகாசத்தையே பாத்ததில்லையேக்கா. பெறந்ததுலருந்து தலைக்கு மேல எலையும் கொலையுந்தான். திடீர்னு தூக்கிட்டுப் போயி வெட்டவெளில விட்டா எதுக்குத்தான் ஒடம்பு பதறாது? கொடைய விரிச்சதும் பந்தல் வந்துருச்சுன்னு ஓடிவந்துருக்குக.”

 தட்டுச் சத்தத்துக்கு ஏன் அசையவில்லை என்பதும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அங்கே பழம் பழுக்கிற நேரம். கிளி விரட்ட முருகேசன் விடிந்ததிலிருந்து தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே இருப்பார். குட்டிகள் கண் திறந்ததே அந்தச் சத்தத்தில்தான். நான் சோதித்தது அதுகளின் குணத்தை அல்ல. பந்தலில் பிறந்ததுகளை வானத்தைக் காட்டி மிரட்டிவிட்டு, மிரண்டது என்று எழுதி வைத்திருக்கிறேன். நல்ல வேளை, கொடுப்பதற்கு முன்னால் தெரிந்தது.

இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவள் நான். அரை நூற்றாண்டாகப் பந்தலைப் பார்க்கிறேன். பந்தலுக்குள் நின்று மேலே பார்த்தவள் அவள்.

அவள் உட்கார்ந்தாள்

மறுநாள் காலை அவள் தோட்டத்திலேயே மறுபடி வைப்பதென்று முடிவானது. இடம் குட்டிகளுக்குப் புதுசு, ஆனால் தலைக்கு மேலே இலை. எல்லாம் சரி, ஆள் யார்? என்னையும் என் வீட்டுக்காரரையும் குட்டிகளுக்குத் தெரிந்துபோயிற்று. சோதிக்கிறவர் புது ஆளாக இருக்க வேண்டுமே.

“நான் உக்காரவா?” என்று கேட்டது நூர்ஜகான்தான். கேட்டுவிட்டு மணிக்கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறைவதற்குள் அந்தத் தழும்பை நான் முதல் தடவையாக நேராகப் பார்த்துவிட்டேன். மூன்று வருஷமாகப் பார்க்கத் துணியவில்லை. “அது என்னால வந்தது” என்றேன். தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். “அதான் ஒங்களையே கூப்பிட்டேன். ஒங்களுக்குத்தான பயம் இருக்கும், நல்லாப் பாப்பீக” என்றாள்.

மறுநாள் பந்தலுக்குள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் ஒரு கல் தூணுக்குப் பின்னால் நோட்டோடு நின்றேன். 

டிரேயை இறக்கியதும் தெரிந்துவிட்டது, இவை நேற்றுப் பார்த்த குட்டிகளே அல்ல. முதலில் விட்ட கறுப்புக் கடுவன் நேராக ஓடி அவள் முந்தானையைக் கவ்வி இழுத்தது. நூர்ஜகான் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் ஓரடி முன்னால் வைத்தேன். கண்ணைத் திறக்காமலேயே, வரவேண்டாம் என்று எனக்குக் கையைக் காட்டினாள்.

அடுத்தது நக்கியது. எழுந்துபோய்க் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்ததும் நக்கியது. மறுபடியும் குழாய், மறுபடியும் வந்து உட்கார்ந்தாள். நாலாவது, ஒரு வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு வரிசை வரிசையாக ஓடியது. மனுஷர் என்று ஒரு சாதி உலகத்தில் இருப்பதாகவே அது கண்டுகொள்ளவில்லை.

ஐந்தாவது, செவலைப் பொட்டை. நேற்று அதிக நேரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது அதுதான்.

இறங்கியதும் அண்ணாந்து இலையைப் பார்த்தது. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. அவசரமில்லாமல் நடந்து வந்து, அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. நூர்ஜகான் நான் சொல்லிக் கொடுத்தபடி உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.  குட்டி கழுத்தை நீட்டி முகர்ந்தது, நக்கவில்லை. பின்வாங்கி உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி, தோட்டத்துக்கு வருகிற பாதையைப் பார்க்க உட்கார்ந்தது.

பேப்பரை எடுத்து வந்தது. குடையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மிச்சம் இருந்தது மல்லாக்கப் படுக்க வைப்பது. வேண்டாம், அதை நான் செய்கிறேன் என்றேன். கேட்கவில்லை. தழும்பு இருந்த கையைத்தான் அதன் நெஞ்சில் வைத்தாள். குட்டி இரண்டு தடவை திமிறியது. பிறகு மூச்சு விட்டு அடங்கியது. அவள் கை நடுக்கம் நின்றதா என்று கேட்காதீர்கள். நிற்கவில்லை. ஆனால் நான் போதும் என்று சொல்லும்வரை கையை எடுக்கவும் இல்லை. தூணுக்குப் பின்னால் நான் அழுதுவிட்டேன்.

“ஆறாவதையும் பாத்துருவோம்க்கா, அதும் காத்துக்கிட்டு இருக்குல்ல” என்றாள். பார்த்தோம். அதுவும் நக்குகிற ஆள்தான்.

முதல் குரைப்பு

நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பாதையில் பிக்கப் வண்டிச் சத்தம் கேட்டது. சிக்கந்தர் கட்டப்பனையில் சரக்கு இறக்கிவிட்டு வந்திருந்தார். பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததும், டிரேக்கு வெளியே இருந்த செவலை எழுந்து நின்று, கீச்சுக் குரலில் மூன்று தடவை குரைத்தது. குரைத்துவிட்டுப் பின்னால் நகரவில்லை.

“வீட்டுக்காரனையே குலைக்குது” என்றார்.

“அது வந்தே ஒரு மணி நேரந்தான ஆச்சு, நீங்க வீட்டுக்காரகன்னு அதுக்கு யாரு சொன்னா?” என்றாள் நூர்ஜகான்.

அவர் பழக்கதோஷத்தில் குட்டியின் காலைப் பிடித்து நகத்தை எண்ணக் குனிந்தார். பாதியில் என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். பொட்டையாக இருக்கிறதே, அந்தக் கறுப்புக் கடுவன் நல்ல வாட்டமாக இருக்கிறதே என்று இழுத்தார். நான் நூர்ஜகான் பக்கம் திரும்பினேன். தேர்ந்தெடுப்பது என் வேலையில்லை.

“இதுதான்” என்றாள் அவள்.

சிக்கந்தர் நல்ல மனுஷர். அவர் பயமும் பொய்யில்லை. நாலு நாள் ஊருக்கு அப்பால் இருந்துகொண்டு, போனை எடுக்காவிட்டால் பதறுகிறவர் அவர்தானே. மூன்று மாதம் பார்ப்போம், அதற்குள் மறுபடி ஏதாவது நடந்தால் குத்தகைக்கு விட்டுவிடுவதுதான் என்றார். அவள் சரி என்றாள்.

கறுப்பன் லாரி ஷெட்டுக்குப் போனான். நக்குகிறவர்களுக்கு வீடு தேடவே வேண்டாம், குழந்தைகள் இருக்கிற மூன்று வீடுகளுக்கு மூன்றும் போயின. வெட்டுக்கிளிக்காரன் எங்கள் வீட்டில் இருக்கிறான். என் வீட்டுக்காரரும் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார், இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகிறது.

செவலையை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே அதற்கு ஒரு சாக்கு. படியைத் தாண்டி அது உள்ளே போனதில்லை. நூர்ஜகான் கொடிகளுக்கிடையில் வேலை செய்யும்போது, ஒரு கை தூரத்தில் அதுவும் வரிசை மாறி வரிசை மாறி வந்தது. மேலே விழாத நாயாக இருந்ததால், அவளுக்குக் குச்சி தேவைப்படவில்லை. குச்சி இல்லாததால், அதற்கு உறுமத் தேவைப்படவில்லை. இரண்டாவது மாதம் அவளே அதற்குச் சோறு வைத்துவிட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருப்பதைப் பார்த்தேன்.

பெருநாளும் வந்து போயிற்று.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எடுத்தேன். நூர்ஜகான். சிக்கந்தர் கேரளா போய் இரண்டு நாளாகிறது என்பது எனக்குத் தெரியும். 

இரவில் செவலை விடாமல் குரைத்ததாம். எழுந்து வெளி லைட்டையெல்லாம் போட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். கிணற்றுப் பக்கமிருந்து இரண்டு பேர் வரப்பில் விழுந்தடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இப்போதுதான் கிணற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். செவலையும் கூடவே போயிற்றாம்.

“வயர் இருக்கா?” என்றேன்.

“இருக்குக்கா” என்றாள். “நானும் இங்கனதான் இருக்கேன்.”